இருபத்தைந்து மீற்றர்

(நூற்றாண்டு விழாவில், பிரான்ஸ் வாழ் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டுப் பெருமையை இங்கு பலர் பேசிவிட்டார்கள். நாங்கள் ஓர் ஆற்றுப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

கோடை விடுமுறையில் எங்கள் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஊர்ப்புறம் போவதுண்டு. சில ஆண்டுகளாக நாங்கள் போவது தென்மேற்குப் பிரான்சின் தோர்தோன் ஆற்றுக்கு. ஒரு காலத்தில் மரமும் வைன் பீப்பாய்களும் ஏற்றிய படகுகள் போன ஆறு அது. இன்று அமைதியாக ஓடுகிறது. கரையில் வோல்நட் தோப்புகள், மஞ்சள் நிறப் பாறைகள். கனோ எனப்படும் சிறு வள்ளத்தை வாடகைக்கு எடுத்து, உயிர்காப்பு அங்கி அணிந்து, நீரோட்டத்தோடு இறங்கிப் போகலாம்.

முதல் முறை போனபோது ஒரு படிவம் தந்தார்கள். 25 மீற்றர் நீந்தவும், நீரில் மூழ்கி எழவும் தெரியும் என்று ஒப்பமிட வேண்டும். அது அந்நாட்டுச் சட்டம். பிள்ளைகள் பாடசாலையிலேயே நீச்சல் கற்றவர்கள். அவர்களுக்காகத் தயங்காமல் ஒப்பமிட்டோம். எங்களுக்காக முடியவில்லை.

"அம்மா, நீங்கள் கடற்கரையிலதானே பிறந்தனீங்கள்?" என்று ஒரு மகள் கேட்டாள்.

உண்மைதான். நந்திக்கடலில் வள்ளத்தில் போனவர்கள் நாங்கள். வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போவோம். அண்ணன்மார் கோல் ஊன்றுவார்கள். நாங்கள் பாத்திரம் பண்டங்களோடு நடுவில் இருப்போம். "தண்ணிக்குள்ள கைவிடாத பிள்ளை" என்பார் அம்மம்மா. தம்பிமார் குதித்து நீந்துவார்கள். நாங்கள் பெரியபிள்ளை ஆனபின் கால் நனைப்பதும் நின்றுபோனது.

பிறகு 2004 மார்கழி 26 வந்தது. அன்று ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம் மாண்டார்கள். நீந்தத் தெரியாமை அதற்கொரு காரணம். எங்கள் வகுப்புத் தோழியரும் அதில் போனார்கள். 2009 வைகாசியில் நந்திக்கடலை நடந்து கடந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்தாலே நெஞ்சு பதைப்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

அந்த முதல் ஆண்டு நாங்கள் கரையில் இருந்தோம். அந்த மாரியில் நகரசபைத் தடாகத்தில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். நாற்பது கடந்தவர்கள், மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிப்புக்கிடமாகத்தான் இருந்தோம். தலையை நீருக்குள் அமிழ்த்தவே ஒருத்திக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனாலும் 25 மீற்றரை எல்லோரும் கடந்தோம்.

மறு கோடையில் படிவத்தில் ஒப்பமிட்டோம். மகள்மார் பின்னால் இருந்து திசை திருப்ப, நாங்கள் முன்னால் இருந்து துடுப்பு வலித்தோம். "அம்மா, இடப்பக்கம் வலியுங்கோ" என்று அவர்கள் சொல்ல, நாங்கள் கேட்டு நடந்தோம். இரு கரைகளிலும் பெனாக், கஸ்ரெல்நோ என்று இரண்டு கோட்டைகள். நூறாண்டுப் போரில் எதிரெதிராக நின்றவை. இன்று அவற்றின் கீழே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். நந்திக்கடலும் ஒருநாள் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவேண்டும் என்று அப்போது நினைத்தோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லதே. அதோடு, இக்கல்லூரியை விட்டுப் போகும் ஒவ்வொரு மாணவியும் 25 மீற்றர் நீந்தக் கற்றுக்கொண்டு போகட்டும். பெண் பயிற்றுநர், ஏற்ற உடை, உயிர்காப்பு அங்கி, பாதுகாப்பான இடம் என்பவை வேண்டும். முதல் ஆண்டுச் செலவை எமது கிளை ஏற்கும். பெற்றோரின் சம்மதத்தைப் பெறுவது உங்கள் கையில். அதுவே கடினமான பகுதி என்பதையும் அறிவோம்.

அடுத்த முறை நாங்கள் வரும்போது, எங்களை வள்ளத்தில் ஏற்றி ஒரு மாணவி கோல் ஊன்றட்டும்.