தலைப்பு ஒன்றானால் ஆய்வும் ஒன்றா?
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பள்ளியிலிருந்து இரண்டு சுற்றுச்சூழல் ஆய்வுகள் வருகின்றன. இரண்டுக்கும் தலைப்பு 'எங்கள் ஊர் ஏரி'. "இரண்டும் ஒன்றுதானே, ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்கிறோம். ஒரு குழுவின் மூன்று மாத உழைப்பு அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. அப்படிச் சொல்லும் முன் அளந்து பார்த்தோமா?

அளக்க வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் பால் ஜக்கார்டு, இரண்டு மலைப்பகுதிகளின் தாவரங்கள் எந்த அளவு ஒத்திருக்கின்றன என்று காண 1901இல் ஒரு கணக்கைக் கையாண்டார். பொதுவாக உள்ளவற்றின் எண்ணிக்கையை, இரண்டிலும் சேர்ந்து உள்ள மொத்த வகைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. நம் ஒன்பதாம் வகுப்புக் கண மொழிதான் இது: வெட்டு கீழ் சேர்ப்பு.

எங்கள் மாணவர்களின் இரண்டு ஆய்வுகளை இப்படிப் பார்த்தேன். முதல் குழுவிடம் ஏரி, நீர் மாதிரி, அமில-காரத் தன்மை, கலங்கல், மாதாந்திர அளவீடு, பறவைக் கணக்கெடுப்பு என ஆறு கூறுகள். இரண்டாம் குழுவிடம் ஏரி, நீர் மாதிரி, அமில-காரத் தன்மை, வீட்டு நேர்காணல், கழிவுநீர் வரும் வழியின் வரைபடம், ஊராட்சிக்கான பரிந்துரை என ஆறு. பொதுவானவை 3, மொத்தம் 9. விடை 0.33. அதாவது மூன்றில் ஒரு பங்குதான் ஒற்றுமை. இரண்டு ஆய்வுகளையும் அனுப்பினோம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். கூறுகளின் பட்டியலை அறிக்கைகளைப் படிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 'நீர், மாசு, ஏரி' என்று பொதுவாக எழுதினால் எல்லா ஆய்வும் ஒன்றாகவே தெரியும். அடுத்து, எண் மட்டுமே தீர்ப்பு ஆகாது. அளவீடுகளும் முடிவுரையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மாணவர்களை அழைத்துப் பேசத்தான் வேண்டும்.

ஒற்றுமை அதிகமாக இருப்பதும் குறையல்ல. ஒரே முறையில் இரண்டு ஊர் ஏரிகளை அளந்திருந்தால்தான் அவற்றை ஒப்பிடவே முடியும். அத்தகைய குழுக்களை ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். தம் ஆய்வில் தமக்கே உரியது எது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.