கொடுமுடி அம்மா
(வத்தல்மலையில் கூட்டமைப்பு உறுப்பினர்களிடையே பேசியது)



சாமைக் காட்டு வேலையையும் காபித் தோட்டத்து வேலையையும் போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. ரொம்ப நேரம் பேசமாட்டோம்.

போன கூட்டத்துல குத்துவிளக்கு ஏத்த ஒரு சகோதரியைக் கூப்பிட்டோம். "நான் தாலி அறுத்தவ, வேற ஆளைக் கூப்பிடுங்க"ன்னு பின்னாடி போயிட்டாங்க. அப்போ நாங்களும் வாயைத் திறக்கல. அது மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. அதனாலதான் இன்னைக்கு கே.பி. சுந்தராம்பாள் அம்மாவைப் பத்திப் பேசுறோம்.

நம்ம ஒகேனக்கல்ல விழுற காவிரி மேட்டூர், பவானி, ஈரோடு தாண்டிப் போய்ச் சேருற ஊர் கொடுமுடி. அங்கே 1908-ல் ஏழைக் குடும்பத்துல பிறந்தவங்க. வயித்துப்பாட்டுக்காக ரயில்ல பாடின சின்னப் பிள்ளைன்னு சொல்லுவாங்க. பிறகு நாடகக் கம்பெனியில சேர்ந்து இலங்கை வரைக்கும் போய்ப் பாடினாங்க. அப்போ மைக் ஏது? கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேக்கணும். தொண்டைதான் மூலதனம்.

கூட நடிச்ச எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. சண்டையும் பிரிவுமா அந்த வாழ்க்கை சுகப்படல. 1933-ல் அவர் இறந்துட்டார். அம்மாவுக்கு அப்போ வயசு 25. வெள்ளைச் சேலை, நெத்தி நிறைய விபூதின்னு மாறிட்டாங்க. இனி ஆம்பளைக்கு ஜோடியா நடிக்கிறதில்லைன்னும் முடிவு பண்ணிட்டாங்க.

வெள்ளைச் சேலை கட்டினது சரியா தப்பான்னு நாங்க சொல்ல வரல. அது அவங்க மனசு. ஆனா அதைக் கட்டிக்கிட்டு மூலையில உட்காரல, அதைத்தான் சொல்றோம். 1935-ல் 'நந்தனார்' படத்துல நந்தனாரா ஆம்பளை வேஷமே போட்டாங்க. சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! கூலி அணாக் கணக்குல இருந்த காலம் அது. காங்கிரஸ் மேடைகள்ல சுதந்திரத்துக்காகப் பாடினாங்க. பிறகு சென்னை மேலவை உறுப்பினர் ஆனாங்க. சினிமாவுல இருந்து சட்டமன்றத்துக்குப் போனவங்கள்ல இந்தியாவிலேயே அவங்கதான் முதல் ஆளுன்னு சொல்றாங்க.

முருகன் மேல அவங்களுக்கு அப்படி ஒரு பக்தி. 1953-ல் 'ஔவையார்', 1965-ல் 'திருவிளையாடல்'. கோபிச்சுக்கிட்டுப் போற பிள்ளை முருகனை ஔவையாரா வந்து பாடிச் சமாதானம் பண்ணுவாங்களே, அதைப் பார்க்காதவங்க நம்மள்ல யாரு? (நம்ம தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஔவையார் சங்க காலத்துக்காரங்க. முருகன் கதையில வர்றவங்க பிற்காலத்து ஔவையார்னு படிச்சவங்க சொல்றாங்க. இருந்தாலும் தர்மபுரிக்காரங்க நாம விட்டுக்கொடுப்போமா?)

1970-ல் பத்மஸ்ரீ வாங்கினாங்க. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்' படத்துலயும் பாடி நடிச்சாங்க. 1980-ல் காலமானாங்க. வெள்ளைச் சேலைக்காரம்மா பாட்டைப் போட்டா அபசகுனம்னு எந்தக் கோயில்லயாவது ஒலிபெருக்கியை நிறுத்தியிருக்காங்களா? திருவிழான்னா முதல்ல அவங்க குரல்தானே கேக்குது.

இன்னைக்குக் கூட்டத்துக்கு விளக்கு இன்னும் ஏத்தல, கவனிச்சீங்களா? எண்ணெய் ஊத்தித் திரி போட்டு வெச்சிருக்கு. தீப்பெட்டி எங்க கையில இருக்கு. போன தடவை பின்னாடி போன அக்கா, கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கீங்க, தெரியுது. முன்னாடி வாங்க. நாங்க காத்திருக்கோம்.