மழைக்கு முன்னே நிற்கும் சொல்
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் புலவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்க் காலந்தள்ளுபவன். "ஆங்கிலத்தைப் பற்றி இவனா பேசுவது?" என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் நினைப்பின், அதில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தேவ்நார்க் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லும் பொறுப்பைச் சங்கம் என் தலையில் ஏற்றியிருக்கிறது. அங்கே கண்ட ஒன்றைச் சொல்லவே இம்மேடை ஏறினேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'மழை நாள்' என்ற கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிக் கொணர்ந்தாள். அரைப் பக்கக் கட்டுரையில் 'வெரி' என்னும் சொல் ஒன்பது இடங்களில் நின்றது. மழை வெரி ஹெவி, காற்று வெரி கோல்டு, தெரு வெரி வெட், கோவண்டி நிலையம் வெரி க்ரவுடட். "வேறு சொல்லே கிடைக்கவில்லையா அம்மா?" என்றேன். "மிகவும் என்றால் வெரிதானே மாமா? வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

அவள் கேள்வியில் நியாயம் உண்டு. நம் இலக்கணத்திலும் மிகுதியைக் காட்ட உரிச்சொற்கள் பல உள்ளன. கழி, கூர், சால, தவ, நனி, உறு என ஆறினை நன்னூல் காட்டுகிறது. ஆனால் ஆறும் மிகுதி என்ற ஒரே பொருளுக்கு உரியன. நனியைவிடத் தவ ஒரு படி மேல் என்று பவணந்தியார் வகுக்கவில்லை. மழையின் அளவைச் சொல்ல நாம் பெரும்பாலும் பெயரையே மாற்றி விடுகிறோம். தூறல் வேறு, சாரல் வேறு, அடைமழை வேறு. மேகம் கறுத்தால் கன்னங்கரிய மேகம் என்கிறோம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்கிறோம். ஆங்கிலத்திலும் டிரிஸில், ஷவர், டவுன்போர் என்று பெயர்கள் உண்டு. எனினும் அன்றாடப் பேச்சில் அளவின் பாரத்தைச் சுமப்பது, பெயரடைக்கு முன்னே நிற்கும் அந்தச் சிறு சொல்லேயாம். அதன் இடம் தவறினால் என்ன நேரும் என்பதை நான் பட்டு அறிந்தவன்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அந்நாளை இம்மண்டபத்தில் மறந்தவர் எவரும் இரார். நான் வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. மாலையில் ஏறிய துறைமுகத் தடத்து வண்டி சுனாபட்டிக்கும் குர்லாவுக்கும் இடையே நின்றது, நின்றது நின்றதுதான். இருட்டிய பிறகு இறங்கினோம். முன்பின் அறியாத பதினைந்து பேர், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மார்பளவு நீரில் நடந்தோம். நான் தேவ்நாரை அடைந்தபோது பொழுது விடிந்துவிட்டது. எங்கள் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என் தாயார் அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலின்மேல் நின்றிருந்தார். என் பள்ளிச் சான்றிதழ்கள் ஊறிக் கூழாகி இருந்தன.

மூன்று நாள் கழித்து அலுவலகம் சென்றேன். வராமைக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பள்ளியில் 'கொய்ட்' என்பதற்கு 'முற்றிலும்' என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தவன் நான். ஆகவே, 'வானிலை கொய்ட் ரெய்னி. எங்கள் அறை கொய்ட் வெட்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். மழையும் முற்று, நனைவும் முற்று என்பது என் கருத்து. அந்நாளில் எனக்கு மேலிருந்த அதிகாரி அதன் ஓரத்தில் சிவப்பு மையால், 'கொய்ட் மட்டும்தான் என்றால் மூன்று நாள் எதற்கு?' என்று எழுதித் திருப்பினார்.

அவர்மேல் எனக்கு அப்போது அளவிலாச் சினம். பின்னர்தான் புரிந்தது. மழை, ஈரம், குளிர் போலக் கூடவும் குறையவும் கூடிய குணங்களுக்கு முன் நின்றால், 'கொய்ட்' பெரும்பாலும் 'ஓரளவு' என்றே பொருள்படும். அன்றிரவு நாங்கள் பட்டதையெல்லாம் நானே 'ஓரளவு ஈரம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அவரோ கொலாபாப் பக்கம் குடியிருந்தவர். அன்றைய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944.2 மில்லிமீட்டர் பெய்தபோது, கொலாபாவில் பெய்தது 73.4 மில்லிமீட்டர்தான். அவர் சன்னலில் கண்ட மழைக்கு என் சொல் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

என் பக்கத்து மேசையில் இருந்த முதியவர், பாலக்காட்டுக்காரர், என் தாளை வாங்கிப் பார்த்து நகைத்தார். 'வீட்டைவிட்டு வெளியேறுவது கொய்ட் இம்பாஸிபிள்' என்று ஒரே வரியில் வேறொன்று எழுதித் தந்தார். அதே கொய்ட்! ஆனால் இயலாமைக்குக் கூடுதல் குறைவு ஏது? இயலும் அல்லது இயலாது. அவ்விடத்தில் நின்றால் மட்டுமே அச்சொல் 'முற்றிலும்' ஆகிறது. மறுபேச்சின்றி மூன்று நாள் விடுப்பும் கிடைத்தது.

ஏனைய சொற்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். 'ஃபேர்லி வார்ம்' என்றால் நமக்கு இதமான வெப்பம்; 'ரேதர் வார்ம்' என்றால் சற்றே தொல்லையான வெப்பம். வெப்பமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். வேறுபாடு சொல்லுகிறவன் மனத்தில் இருக்கிறது. 'டூ' என்பது அளவு மீறியதைக் குறிக்கும். 'டூ ஹாட்' என்றால் தாங்கவொண்ணாத வெயில். ஆதலின், இங்கு வெதர் டூ குட் என்று மகிழ்ச்சியாக எழுதுவது பொருந்தாது. இன்று நேற்றைவிட வெரி ஹாட்டர் என்பது பிழை. 'மச் ஹாட்டர்' எனல் வேண்டும். 'ஃப்ரீஸிங்' என்பது ஏற்கெனவே எல்லையில் நிற்கும் சொல். அதற்கு முன் 'வெரி' வாராது, 'அப்ஸல்யூட்லி' வரும். நமக்கு அச்சொல்லே தேவைப்படாது என்பது வேறு செய்தி. சாந்தாகுரூசில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 பாகைதான், அதுவும் 1962 ஜனவரியில்.

பேச்சில் இப்படி மனம்போல நீளவும் குறுகவும் செய்யும் இச்சொற்களை, இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் முழக்கோல் வைத்து அளந்து கட்டிவிட்டனர். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் வெறும் 'ஹெவி'. 115.6 முதல் 204.4 வரை 'வெரி ஹெவி'. அதற்கு மேற்பட்டால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. முன்னொரு காலத்துப் பட்டியலில் 'ரேதர் ஹெவி' என்ற படியும் இருந்தது, 35.6 முதல் 64.4 வரை. சிறுமியின் கட்டுரையில் இருந்த 'வெரி ஹெவி' ஏறத்தாழ இருநூறு மில்லிமீட்டர் வரை சொல்லும் சொல் என்று காட்டியபோது அவள் திகைத்துப் போனாள். அவள் எழுதியது குடை பிடித்துப் பள்ளி சென்று வந்த நாளைப் பற்றி!

சென்னை வானிலை மையம் இம்மூன்றையும் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று தமிழாக்கி வழங்குகிறது. 'மிகக் கனமழை' என்று ஒற்று மிக எழுத வேண்டும் என நம் புலவர் நண்பர் சண்டைக்கு வருவார். அவ்வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம். நன்னூலார் ஆறு சொற்களை வரிசையில் நிறுத்தியிருந்தும், வடமொழி 'அதி'க்கன்றோ வேலை கிடைத்தது! 'கழிகனமழை' என்றால் எத்தனை பேருக்கு விளங்கும் என்று கேட்டால் என்னிடமும் விடையில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ஏரலுக்கு அருகே இருக்கும் என் தமக்கையிடம் தொலைபேசியில் பேசினேன். "மழை எப்படி அக்கா?" என்றேன். "நல்ல மழை தம்பி" என்றாள். நம் ஊரில் நல்ல மழை என்றால் குளம் நிரம்பும், நெல் விளையும். மகிழ்ந்து பேச்சை முடித்துவிட்டேன். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளையை வெள்ளம் அரித்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்களுக்குத் தொடர்பு அறுந்தது. மூன்று நாள் என் தமக்கையின் குரலைக் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் 'நல்ல' என்ற அச்சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'எவ்வளவு' என்று மேலும் ஒரு சொல் கேட்டிருக்கலாமே!

இறையருளால் மாடியிருந்த அண்டை வீட்டார் அவளைக் காத்தனர்.

சிறுமி தன் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். ஒன்பது வெரிகளில் எட்டு போயின. கோவண்டி நிலையத்தின் கூட்டத்திற்கு மட்டும் அதை விட்டு வைத்தாள், நானும் விட்டுவிட்டேன்.

சென்ற ஐப்பசியில் தமக்கையோடு பேசினேன். "நல்ல மழை" என்றாள். "நல்ல மழை என்றால் எவ்வளவு அக்கா?" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "படி மூன்றும் தெரிகிறது தம்பி, நீ தூங்கு" என்றாள்.