புள்ளி தப்பாத நிதானம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நிதானமும் வாழ்க்கையும்’. இதைக் கேட்டதும் எங்க குழு அக்கா ஒருத்தர், “நிதானமா இருக்க நமக்கு எங்கடி நேரம்?” என்றார். நியாயமான கேள்விதாங்க. விடிஞ்சா மாடு, தண்ணி, சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அப்புறம் காட்டு வேலை, இல்லைன்னா நூறு நாள் வேலை. சாயந்தரம் மறுபடியும் அடுப்பு. அதனால், தனியா நேரம் ஒதுக்குங்கன்னு நான் சொல்ல வரலை. நம்ம கை ஏற்கெனவே நிதானமாகச் செய்யும் வேலைகள் இருக்கு. அதில் என்ன பாடம் இருக்குன்னு சேர்ந்து பார்க்கலாம்.

முதலில் கோலம். நடுவில் 7 புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ஊடுபுள்ளியாக 4 வரை இறக்கினால் மொத்தம் 37 புள்ளி. எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கோம்? எண்ணாமலேயே நம்ம விரலுக்குத் தெரியும். ஒரே கம்பியில் போடும் சிக்குக் கோலத்தில், கிளம்பின இடத்துக்கே கம்பி வந்து சேரணும். நடுவில் ஒரு புள்ளி தப்பினால் கம்பி சேராது. அதனால் கை இழுக்கும் முன்பே கண் அடுத்த வளைவைப் பார்த்துவிடும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கணித முறையில் ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நாம் வாசலில் குனிந்து போடுவதைப் பேராசிரியர்கள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். “எனக்குக் கணக்கு வராது”ன்னு இனிமேல் யாரும் சொல்லாதீங்க.

அடுத்தது நம்ம ஊர் மரவள்ளி. குச்சி நட்டுக் கிழங்கு பிடுங்கப் பத்து மாசம் போல ஆகும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் மாவு குறையும். மில்லில் பாயிண்ட் குறைந்து விலையும் குறையும். மில்லுக்குள் போய்ப் பார்த்தால் இன்னொரு பாடம் இருக்கு. கிழங்கை அரைத்துச் சலித்த பாலைத் தொட்டியில் விட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால்தான் மாவு அடியில் படியும். கலக்கிக்கிட்டே இருந்தால் மாவு சேராது. வீட்டில் சண்டை நடந்த அன்றைக்கும், குழுவில் வாக்குவாதம் வந்த அன்றைக்கும் நம்ம மனசு அந்தக் கலங்கின பால்தான். அன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம்.

பக்கத்தில் தம்மம்பட்டி. அங்கே செய்யும் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கு. அந்தப் பக்கம் போனால் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்க. முதலில் மரத்தில் அளவுக் கோடு, அப்புறம்தான் உளி. செதுக்கி எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே!

நம்ம கையெழுத்தும் அப்படித்தாங்க. போட்டால் போட்டதுதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இன்றைக்கு நம்ம வாசலுக்கே கடன் வருது. “12 சதவீதம்தான், ஆதார் கார்டும் போட்டோவும் கொடுங்க, உடனே பணம்” என்கிறார்கள். கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். 20,000 ரூபாய், 12 மாதத் தவணை. கட்டக் கட்ட மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால், மாசம் சுமார் 1,777 ரூபாய். வருச வட்டி சுமார் 1,324. கடைசி மாசம் வரைக்கும் முழு 20,000-க்கும் வட்டி என்றால், மாசம் சுமார் 1,867, வட்டி 2,400. இரண்டுக்கும் வாயில் சொல்வது அதே 12 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு மேல வித்தியாசம்! அது நம்ம வீட்டுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகக் காசு. சேவைக் கட்டணம், காப்பீடு என்று முதலிலேயே பிடித்தால் கைக்கு வருவது இன்னும் குறையும். இதெல்லாம் அவசரத்தில் தப்பிப் போகும் புள்ளிகள்.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழு முறை, பிறகு நம்ம சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. நாம் வட்டமாக உட்கார்ந்து கணக்கைச் சத்தமாகப் படிப்பது சும்மா சடங்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் தன் பணம் எங்கே போகுதுன்னு காதில் விழணும் என்பதற்காகத்தான்.

அதனால் எல்லாக் குழுவுக்கும் மூணு வேண்டுகோள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை முழுசாக வாசிக்கச் சொல்லுங்க. வெளிக் கடன் படிவம் எதுவானாலும், ஒரு ராத்திரியாவது வீட்டில் வைத்திருந்து, குழுவில் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. “இப்பவே போடணும்”னு யாராவது அவசரப்படுத்தினால், அதுவே வேண்டாம்னு சொல்லப் போதுமான காரணம். மூணாவது, வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். எல்லா வேலையும் ஒரே தலையில் விழுந்தால் நிதானம் வராது. ஒரு குடம் தண்ணி நீங்க எடுங்க, நாங்க ஒரு பக்கம் படிச்சுக்கிறோம்.