மத்யனில் மூஸா (அலை) அவர்கள் பெற்ற தொழில்





கடையொன்றில் தொழில் புரியும் இளைஞர், "இனி அங்கே நிற்க முடியாது" என்று வீட்டில் வந்து சொன்னால், "ஸப்ர் செய் மகன்" என்ற பதிலே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கின்றது. ஸப்ர் மகத்தான பண்பு. ஆயினும் எதனைச் சகிப்பது, எதனைச் சகிக்கக் கூடாது என்பதில் நாம் தடுமாறுகின்றோம். நேரத்திற்கு வருமாறு முதலாளி கண்டிப்பது அநியாயமன்று. வேலை கடினமாயிருப்பதும் அநியாயமன்று. ஆனால், வாடிக்கையாளர் முன்னிலையில் தாயைப் பழித்து ஏசுவது, உழைத்த சம்பளத்தை மாதக் கணக்கில் இழுத்தடிப்பது, ளுஹரையும் அஸரையும் தொழுதுவர விட மறுப்பது, பழுதான பொருளை நல்லதென்று சத்தியம் செய்து விற்கச் சொல்வது ஆகியன அநியாயங்களே. கடையின் முகப்பில் 'பிஸ்மில்லாஹ்' எழுதப்பட்டிருப்பதால் உள்ளே நடப்பது ஹலாலாகி விடாது. நம் வர்த்தகர்களுள் சிலருக்கும் இதனைச் சொல்லத்தான் வேண்டியிருக்கின்றது.

சூரத்துல் கஸஸை ஓதிப் பாருங்கள். பிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்கள், தம்மைக் கொல்லச் சதி நடப்பதை அறிந்ததும் மிஸ்ரை விட்டு வெளியேறினார்கள். அவ்வாறு வெளியேறியதை அல்குர்ஆன் பொறுமையின்மையாகக் காட்டவில்லை. மத்யனின் நீர்நிலையை அடைந்தபோது அவர்களிடம் தொழில் இல்லை, தங்க இடமுமில்லை. இருந்தும், ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். அதன் பின்னரே நிழலுக்குச் சென்று, தமது தேவையை இறைவனிடம் முறையிட்டார்கள்.

அதன் பின் நடந்தது நமது கவனத்திற்குரியது. அப்பெண்களுள் ஒருவர் வந்து, நீர் புகட்டியதற்குக் கூலி வழங்கத் தம் தந்தை அழைப்பதாகக் கூறினார். அவர்கள் கூலி கேட்கவே இல்லை. ஆயினும் அன்றைய உழைப்புக்கு அன்றே கூலி! அம்முதியவர் ஷுஐப் (அலை) அவர்களே என்போரும் உளர். அல்குர்ஆன் பெயரைக் கூறவில்லை. தம் மகளை மணமுடித்துத் தருவதற்கு எட்டு ஆண்டுகள் பணி புரிய வேண்டும், பத்தாகப் பூர்த்தி செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம், தாம் அவருக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்று அவர் முன்கூட்டியே தெளிவுபடுத்தினார். அவ்வுடன்பாட்டுக்கு அல்லாஹ்வையே மூஸா (அலை) அவர்கள் சாட்சியாக்கினார்கள். அவர்கள் கூடுதலான தவணையையே நிறைவு செய்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள்.

புதிய தொழில் தேடும் இளைஞரே! நீங்கள் பார்க்க வேண்டியவையும் இவைதாம். சம்பளம் எவ்வளவு, எந்நாளில், எத்தனை மணி நேர வேலை என்பவற்றை வாய்ச்சொல்லில் விடாது எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் முழுவதும் அவருடையதே. கழித்த பணம் உண்மையில் கட்டப்படுகின்றதா என்பதையும் விசாரியுங்கள்.

கோபத்தில் சாவியை மேசையில் வீசிவிட்டு வர வேண்டாம். மூஸா (அலை) அவர்களுக்கு உயிராபத்து இருந்தது. உங்களுக்கு அந்நெருக்கடி இல்லையாயின், இஸ்திகாரா செய்து, வேறிடம் பார்த்துக்கொண்டு, முறைப்படி அறிவித்து விலகுங்கள். பொய்ச் சத்தியத்திற்கோ மோசடிக்கோ கட்டாயப்படுத்தினால் மாத்திரம் தாமதிக்க வேண்டாம். கணக்கையும் பொருட்களையும் ஒப்படையுங்கள், அவை அமானிதம். அவ்வாறே உங்கள் உரிமையையும் விட்டுவிடாதீர்கள். 15 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. தாமாக விலகினாலும் அது உரியதே. 1983ஆம் ஆண்டின் சட்டம் இது. விலகி 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அது பழிவாங்கல் அன்று.

பெற்றோர்களே! மகன் தொழிலை விட்டு வந்தால், "இனிச் செலவுக்கு என்ன செய்வாய்?" என்று தொடங்காமல், அங்கே என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டாரிலிருந்து அனுப்பும் பணத்தை அவன் சாப்பிடும் நேரத்தில் கணக்கிடாதீர்கள். அவன் வேறு தொழில் தேடும் ஓரிரு மாதங்களில் உம்மாவின் துஆவும் வாப்பாவின் பஸ் காசும் அவனுக்குத் தேவைப்படும்.