செடிக்குக் காற்று விலைக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவம் பற்றிப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொன்னார். அனுபவத்தை விடுங்கள், கையில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பேசுகிறேன். எங்கள் செட்டுக்கு இரண்டு வருஷம் மூத்த அண்ணாச்சி ஒருவர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே கால் ஏக்கரில் பசுமைக்குடில் போட்டு வெள்ளரி பயிரிடுகிறார். பாதி மானியம், மீதி வங்கிக் கடன். போன மாதம் ஒரு விற்பனையாளர் வந்து, "கரியமில வாயு சிலிண்டர் வையுங்க, விளைச்சல் கூடும்" என்று விலைப்பட்டியலை நீட்டியிருக்கிறார். அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். "நீ இன்ஜினியர்தானே, இன்னொரு கடன் வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுலே."

விற்பனையாளர் சொன்னது பொய் இல்லை. 1804-லேயே ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் என்ற அறிஞர், கரியமில வாயு கூடுதலாக உள்ள காற்றில் பட்டாணிச் செடிகளை வெயிலில் வைத்து, அவை நன்றாக வளர்வதைப் பதிவு செய்திருக்கிறார். இன்று நம்மைச் சுற்றியுள்ள காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420 பங்குக்குச் சற்று மேல் இந்த வாயு இருக்கிறது. 1958-ல் ஹவாய்த் தீவில் அளக்க ஆரம்பித்தபோது 315 சொச்சம்தான். இதையே 800, 1000 என்று ஏற்றினால், மூடிய குடிலில், நல்ல வெளிச்சத்தில் விளைச்சல் இருபது முப்பது சதவீதம் வரை கூடுவது உண்டு.

காரணம் இலைக்குள் இருக்கிறது. ருபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைக்கு அடி போடுகிறது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: ஆளை மாற்றி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இந்தக் குழப்பம் அதிகம். கரியமில வாயு நிறைய இருந்தால் குழப்பம் குறையும். நெல், தக்காளி, வெள்ளரி, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி எல்லாம் இந்த ரகம். கரும்பும் மக்காச்சோளமும் வேறு. அவை இலைக்குள்ளேயே வாயுவைச் செறிவாக்கும் ஏற்பாட்டோடு பிறந்தவை. அவற்றுக்கு நாம் ஊட்டினாலும் பெரிய லாபமில்லை.

சரி, அப்படியானால் வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் பேனா எடுக்க வேண்டும்.

குடில் ஆயிரம் சதுர மீட்டர், சராசரி உயரம் நாலு மீட்டர். ஆக 4000 கன மீட்டர் காற்று. 420-ஐ 1000 ஆக்க 580 பங்கு கூட்ட வேண்டும். அது 2.3 கன மீட்டர் வாயு. எடை ஏறக்குறைய 4 கிலோ. ஒரு தடவை நிரப்ப நாலு கிலோ என்றால் சல்லிசுதான். ஆனால் நம்ம ஊர் வெயிலில் பக்கத்துத் திரையையும் மேல் திறப்பையும் திறந்து வைக்காவிட்டால் செடி வெந்துபோகும். திறந்த குடிலில் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை காற்று மாறுகிறது என்று வையுங்கள். மணிக்கு 120 கிலோ! முப்பது கிலோ சிலிண்டர் கால் மணி நேரம் வரும். மீதியெல்லாம் பக்கத்து வயலுக்குத் தானம்.

வெளிநாட்டில் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் குளிருக்காகக் குடிலை மூடியே வைக்கிறார்கள். பகலில் இயற்கை எரிவாயுவை எரித்து, புகையைச் சுத்தமாக்கிச் செடிக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டைப் பெரிய தொட்டியில் வெந்நீராகச் சேர்த்து வைத்து ராத்திரியில் குடிலைச் சூடாக்குகிறார்கள். என் கண்ணுக்கு இது அழகான இன்ஜினியரிங். அதோடு 2005 முதல் ராட்டர்டாம் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கழிவாகப் போகும் வாயு, சும்மா கிடந்த பழைய எண்ணெய்க் குழாய் வழியே நூற்றுக்கணக்கான குடில்களுக்குப் போகிறது. கனடாவில் 2018-ல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, கட்டடத்துக்குள் விளக்குப் போட்டு வளர்ப்பவர்களும் இதே வாயுவைத்தான் ஊட்டுகிறார்கள். (பின் வரிசைத் தம்பிகள் சிரிக்க வேண்டாம், இங்கே 1985-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது.) இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது மூடிய அறை. நமக்கு அது இல்லை.

நமக்கும் மூடுகிற காலம் ஒன்று உண்டு. ஜூனில் ஆரியங்காவு கணவாய்க் காற்று அடித்து, குற்றாலத்தில் சாரல் கட்டினால் அண்ணாச்சி திரையை இறக்கிவிடுவார். அப்போது நேர்மாறான தொல்லை. குடிலுக்குள் இருக்கும் மொத்தக் கரியமில வாயுவே மூன்று கிலோதான். மேகம் விலகி வெயில் வந்தால், தழைத்த வெள்ளரி மணிக்கு அதே அளவு இழுக்கும். வெளிக்காற்று வராவிட்டால் பத்து மணிக்குள் அளவு 200-க்குக்கூட இறங்கலாம். தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, செடி மட்டும் பட்டினி! இதற்கு மருந்து, வெயில் தலைகாட்டியதும் காற்று வராத பக்கத்துத் திரையை ஒரு முழம் தூக்கிவிடுவது. செலவு கிடையாது.

சமையல் எரிவாயுவை எரித்தால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். ஒரு கிலோவுக்கு மூன்று கிலோ கரியமில வாயு வரும், உண்மை. கூடவே ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் சூடும் வரும். சாரல் ஈரத்தில் நீராவி சேர்ந்தால் இலையில் பூஞ்சணம்தான். அரைகுறையாக எரிந்தால் எத்திலீன் பூவை உதிர்க்கும், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். சிலிண்டரும் விளையாட்டல்ல. கரியமில வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 5000-க்கு மேல் கூடாது; 40,000 ஆனால் உயிருக்கே உடனடி ஆபத்து. விலைப்பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

கூப்பிடு தூரத்தில் தூத்துக்குடி இருக்கிறது. அங்கே ஓர் உப்புக்காரத் தொழிற்சாலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கும் ஏற்பாடு 2017-ல் உலகச் செய்தியானது. தொழில்நுட்பம் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்துடையது. புகையிலிருந்து வாயுவைப் பிடிக்க நம்மவர்களுக்குத் தெரியும். அதைத் தென்காசி வரை லாரியில் கொண்டுவந்து திறந்த குடிலில் விடுவதுதான் வீண்.

அண்ணாச்சி சிலிண்டருக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். பக்கத்துக் கொட்டகையில் சிப்பிக் காளான் போடும் யோசனையும் இருக்கிறது. காளான் நம்மைப் போல மூச்சு விடும். கரியமில வாயு மிஞ்சினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். அதனால் அந்தக் காற்றை எப்படியும் வெளியேற்றியாக வேண்டும். திரை இறக்கிய நாட்களில் ஒரு சின்ன ஃபேன் வைத்து வெள்ளரிப் பக்கம் தள்ளலாம். எவ்வளவு உதவும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

வரும் சாரலில், காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை அரை மணிக்கொரு தடவை அளவைக் குறிக்க இரண்டு பேர் வேண்டும். மாணவர்கள் புராஜெக்டாகவே எடுக்கலாம். விருப்பமுள்ளவர்கள் துறைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். மதியச் சாப்பாடு அண்ணாச்சி வீட்டில்.