எலும்புகள் கூறும் சாட்சியம்
(வண்டூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)

வண்டூர் அமைந்துள்ள தென் அந்தமானில், ஹம்ஃப்ரிகஞ்சு என்னுமிடத்தில், 1944 ஜனவரி 30 அன்று 44 இந்தியரை ஜப்பானியப் படையினர் ஒற்றர் என ஐயுற்றுச் சுட்டுக் கொன்றனர். அங்கு நினைவுச் சின்னம் உள்ளது.

இத்தகைய கொடுமைகளில், கண்டவர் மறைந்தாலும் எலும்பு சாட்சி கூறும். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்பதையும், பற்கள் வயதையும், தொடையெலும்பு உயரத்தையும், மண்டையோட்டுத் துளை குண்டு பாய்ந்த திசையையும் உணர்த்தும்.

1984-இல் அர்ஜென்டினாவில் மானிடவியலறிஞர் கிளைட் ஸ்னோ மாணவரைப் பயிற்றுவித்துப் புதைகுழிகளை ஆய்ந்தார். 1985-இல் இராணுவத் தலைவர்கள் மீதான விசாரணையில் சாட்சியமளித்தார். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 1999-இல் 15 உடல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

ஈரமும் அமிலமும் மிகுந்த மண்ணில் எலும்பு விரைந்து சிதையும். ஆதலின், புதைகுழியைக் கலைக்காது காப்பதும், காலந்தாழ்த்தாது வல்லுநரை அழைப்பதும் நிர்வாகத்தின் கடமை. மாண்டவருக்குப் பெயரை மீட்டளிப்பதே நீதியின் முதற்படி.